பேய்க்கு லைட் போட்டவர்கள்

1990களில் பெங்களூரில் ஒரு பேய் வீடு வீடாக வந்து கதவைத் தட்டுவதாக ஊரே நம்பியது. சும்மா தட்டாதாம். உங்கள் அம்மா குரலில் கூப்பிடும். அம்மா ஊருக்குப் போயிருந்தால் அண்ணன் குரலில். திறந்தால் ஆள் காலி. இதற்கு ஊர் கண்டுபிடித்த பரிகாரம் ரொம்ப சிம்பிள்: வாசற்கதவில் 'நாளே பா' என்று எழுதி வைத்துவிடுவது. பேய் வரும், 'நாளைக்கு வா' என்று படிக்கும், சமத்தாகத் திரும்பிப் போய்விடும். மறுநாள் வந்து மறுபடியும் அதையே படிக்கும். ஆக, பெங்களூர்ப் பேய்க்கு எழுத்தறிவு உண்டு, ஞாபகசக்திதான் கிடையாது.

அதே ஊரில் ஈஜிபுரா பக்கம் வந்திருந்தால் அதன் பாடு இன்னும் திண்டாட்டம். ஒரே சந்துக்குள் தமிழ் வீடு, கன்னட வீடு, தெலுங்கு வீடு, உருது வீடு. ஒவ்வொரு வாசலிலும் ஒவ்வொரு பாஷையில், அதுவும் அந்தந்த வீட்டு அம்மாவின் குரலில் மிமிக்ரி செய்தாக வேண்டும். 'கலக்கப்போவது யாரு' செலக்‌ஷனில்கூட இத்தனை கஷ்டம் இருக்காது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்தப் பேயை யாரும் பார்த்ததில்லை. கோரைப்பல் இல்லை, வெள்ளைப் புடவை இல்லை, புகை இல்லை. ராத்திரி இருட்டு, கதவில் ஒரு தட்டு, தெரிந்த ஒரு குரல். அவ்வளவுதான் மொத்த ப்ரொடக்‌ஷன். ஒரு மாநகரமே நடுங்கியது. 2018இல் இதே ஐடியாவை இந்திக்காரர்கள் மத்தியப் பிரதேசத்துச் சந்தேரிக்குக் கொண்டுபோய் 'ஸ்த்ரீ' என்று படம் எடுத்து அள்ளோ அள்ளு என்று அள்ளினார்கள். பெங்களூர்ப் பேய்க்கு ராயல்டி வந்ததாகத் தகவல் இல்லை. யாராவது கேட்டிருந்தாலும் என்ன பதில் வந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

சினிமாவில் பயத்தைக் கண்டுபிடித்த மேதைகள் என்று நாம் விழுந்து கும்பிடுகிற பெரியவர்களில் பாதிப் பேரின் ரகசியமும் இதுதான். கையில் காசில்லை, அல்லது மெஷின் ரிப்பேர், அல்லது சொன்ன பேச்சைக் கேட்காத ஒரு மியூசிக் டைரக்டர். படம் ஹிட்டானதும் அதே ஆட்கள் பேட்டியில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு 'அது நாங்கள் வேண்டுமென்றே எடுத்த கலை முடிவு' என்றார்கள்.

முதலில் நம்ம டிராகுலா அண்ணாச்சி. 1922இல் ஜெர்மனியில் முர்னோ என்ற டைரக்டர் 'நோஸ்ஃபெராட்டு' எடுத்தார். கதை, பிராம் ஸ்டோக்கரின் நாவலிலிருந்து சுட்டது. டிராகுலாவுக்கு ஓர்லோக் என்று பேர் மாற்றிவிட்டால் யாருக்கும் தெரியாது என்று நினைத்தார்கள். ஸ்டோக்கரின் மனைவிக்குத் தெரிந்துவிட்டது. கோர்ட்டுக்குப் போய், எல்லாப் பிரிண்டையும் அழிக்கச் சொல்லி உத்தரவு வாங்கிவிட்டார். படத்தில் யார் கையிலும் சிக்காத ரத்தக்காட்டேரியைக் கடைசியில் துரத்தித் துரத்தி அடித்தது ஒரு விதவையும் வக்கீலும்தான்.

அதைவிடப் பெரிய காமெடி வெளிச்சத்தில் இருக்கிறது. சூரிய வெளிச்சம் பட்டால் ரத்தக்காட்டேரி செத்துவிடும் என்பது நாவலில் கிடையாது. அந்தப் படம் கிளப்பிவிட்ட சங்கதி. ஆனால் அந்தக் காலத்து ஃபிலிமும் லைட்டும் வைத்துக்கொண்டு ராத்திரியில் தெருவில் ஷூட் பண்ண முடியாது. ஆகவே பட்டப்பகலில் எடுத்து, ஃபிலிமை நீலச் சாயத்தில் முக்கி, 'இது ராத்திரி, நம்புங்கள்' என்றார்கள். அன்றைய ரசிகர்கள் நம்பினார்கள். தப்பிப் பிழைத்த பிரிண்டுகளில் பலவற்றில் சாயம் கிடையாது. அதைப் பார்த்த பிற்காலத்து ரசிகர்களுக்குத்தான் அதிர்ச்சி: வெயில் பட்டால் சாகவேண்டிய பிரகிருதி, தன் சவப்பெட்டியைத் தானே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சுள்ளென்று அடிக்கிற வெயிலில் வீடு மாறிக்கொண்டிருந்தது!

அதற்கு இரண்டு வருஷம் முன்னால் வந்த 'டாக்டர் காலிகாரி'யில் இன்னொரு படி மேலே போனார்கள். நிழலுக்கு எதற்கு லைட்? பெயின்ட் இருக்கிறதே! சுவரிலும் தரையிலும் நிழலைப் பிரஷ்ஷால் வரைந்துவிட்டார்கள். விமரிசகர்கள் அதை மனித மனத்தின் கோணல் என்று எழுதி மாய்ந்தார்கள். லைட்மேன்களுக்கு அன்றைக்கு வேலை குறைந்தது என்று ஒருத்தராவது எழுதினாரா?

பயத்தின் இலக்கணம் என்னவோ எளிதானதுதான். சூரியன் மேலே இருக்கிறது. ஆகவே மனித முகத்தை மேலேயிருந்து விழும் வெளிச்சத்தில் பார்த்தே பழகிவிட்டோம். வெளிச்சம் கீழேயிருந்து வந்தால் மூளை பதறுகிறது. கரண்ட் போன ராத்திரியில் தாடைக்குக் கீழே டார்ச்சை வைத்துத் தங்கச்சியை அலறவைத்த எல்லாப் பையன்களும் இந்த சயின்ஸில் டாக்டர்களே. ஸ்டூடியோவில் செய்வதும் அதேதான். முகத்தில் ஒரு பக்கம் மெயின் லைட். மறுபக்கத்து இருட்டை நிரப்பும் ஃபில் லைட்டை அணைத்துவிடு. லவ் சீனுக்கு இரண்டு லைட், கொலை சீனுக்கு ஒன்று. புரொடியூசர்களுக்குத் திகில் படத்தின்மேல் அவ்வளவு பாசம் வரக் காரணம் புரிகிறதல்லவா?

ஹிட்ச்காக் இதில் தனி ரகம். 1941இல் 'சஸ்பிஷன்' படத்தில் கேரி கிராண்ட் மனைவிக்கு ஒரு டம்ளர் பால் எடுத்துக்கொண்டு இருட்டுப் படிக்கட்டில் ஏறி வருவார். பாலில் விஷமா இல்லையா என்பதுதான் சஸ்பென்ஸ். நம் கண் டம்ளரை விட்டு நகரக்கூடாது. பெரியவர் என்ன செய்தார்? பாலுக்குள்ளேயே ஒரு குட்டி பல்பை வைத்துவிட்டார். பால் தகதகவென்று ஜொலித்தது. விஷம் இருந்ததோ இல்லையோ, ஷாக் அடித்துச் செத்திருக்க நியாயமான வாய்ப்பு இருந்தது.

'சைக்கோ' (1960) பற்றி ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டில் செமஸ்டர் கணக்கில் பாடம் எடுக்கிறார்கள். அந்தக் குளியலறைக் கொலையில் சாக்கடையில் சுழன்று போகும் ரத்தம், சாக்லேட் சிரப். கத்தி சதையில் இறங்கும் 'சதக்' சத்தம், முலாம்பழத்தைக் குத்தியது. அதாவது சினிமா வரலாற்றின் மிகக் கொடூரமான காட்சியை அப்படியே ஒரு கிண்ணத்தில் போட்டால், மேலே ஒரு ஸ்கூப் ஐஸ்க்ரீம்தான் பாக்கி.

அந்தக் காட்சிக்கு மியூசிக்கே கூடாது என்று மியூசிக் டைரக்டர் பெர்னார்ட் ஹெர்மனிடம் கறாராகச் சொல்லியிருந்தார் ஹிட்ச்காக். ஹெர்மன் அந்த அறிவுரையைக் காற்றில் விட்டார். பட்ஜெட் குறைவு என்பதால் ட்ரம்பெட், ட்ரம்ஸ் எதுவும் கிடையாது. வெறும் தந்தி வாத்தியங்கள். வயலின்களைக் கீச் கீச் என்று அலறவிட்டார். கேட்ட ஹிட்ச்காக், 'இதுதான் வேண்டும்' என்று கட்சி மாறினார். இன்று உலகத்தில் யார் கத்தியை ஓங்கினாலும் நம் காதில் கேட்பது, டைரக்டர் வேண்டாம் என்று சொன்ன மியூசிக்.

1975இல் 'ஜாஸ்' கதையும் அதே ஜாதி. பல லட்சம் டாலர் படத்துக்கு மெஷின் சுறா செய்து கடலில் இறக்கினார்கள். உப்புத் தண்ணீர் பட்டதும் அது படுத்துவிட்டது. வேறு வழியில்லாமல் ஸ்பீல்பெர்க் சுறாவைக் காட்டாமலே தண்ணீரைக் காட்டினார், ஜான் வில்லியம்ஸ் 'டூடும்... டூடும்' என்று இரண்டே சுரத்தை வைத்து மிரட்டினார். அந்த இரண்டு சுரத்தைப் பியானோவில் முதலில் வாசித்துக் காட்டியபோது ஸ்பீல்பெர்க் ஜோக் என்று நினைத்துச் சிரித்தாராம். சுறாவுக்குத் தன் வக்கீலின் பெயரான புரூஸ் என்பதைத்தான் சூட்டியிருந்தார். ஒரு வக்கீல் ஆஜராகாததால் ஜெயித்த கேஸ் அது ஒன்றுதான்.

சரி, நம் ஊருக்கு வருவோம். இந்தியாவின் முதல் பெரிய பேய் ஹிட் 'மஹல்', 1949, பாம்பே டாக்கீஸ். மதுபாலாவுக்கு வயது 16. காமிரா, ஜோசஃப் விர்ஷிங் என்ற ஜெர்மானியர். 1925இல் புத்தர் படம் எடுக்க இங்கே வந்தவர்; பிற்பாடு திரும்பி வந்து நாட்டோடு ஒட்டிக்கொண்டார். இரண்டாம் உலகப்போர் வந்ததும் 'ஜெர்மன்காரனா, உள்ளே போ' என்று பிரிட்டிஷ்காரர்கள் பிடித்து முகாமில் அடைத்தார்கள். வெளியே வந்து நமக்கு நிழலும் ஊஞ்சலும் சரவிளக்குமாக ஒரு பேய் மாளிகையைக் காட்டினார். புத்தரில் ஆரம்பித்துப் பேயில் வந்து நின்ற கேரியர்.

அந்தப் படத்தின் நிஜமான பேய், பாட்டு. 'ஆயேகா ஆனேவாலா' எங்கோ தூரத்தில் ஆரம்பித்துப் பக்கத்தில் வரவேண்டும். இன்றைக்கு என்றால் ஒரு நாப்பைத் திருகினால் போதும். அன்றைக்கு ஏது வசதி? மைக்கை நடுவில் வைத்து, லதா மங்கேஷ்கரை ரூமின் மூலையில் நிற்கவைத்து, பாடிக்கொண்டே மெல்ல நடந்து வரச் சொன்னார்கள். சரௌண்ட் சவுண்டின் இந்திய வரலாறு, லதாவின் கால்களில் தொடங்குகிறது. ரிகார்டில் பாடகி பெயர் 'காமினி' என்று போட்டார்கள். அது கதையில் வரும் பாத்திரத்தின் பெயர். அதாவது கிரெடிட் பேய்க்கு, நடை லதாவுக்கு.

தமிழில் இந்தத் துறையின் பிதாமகர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டும் என்றால் அது வீணை எஸ். பாலசந்தர். இவரைச் சட்டென்று கடந்துவிட மனசு வரவில்லை. ஏனென்றால் இவர் சினிமாவுக்குள் நுழைந்த கதையே ஒரு திகில்.

1934இல் பிரபாத் கம்பெனி எடுத்த 'சீதா கல்யாணம்'. அப்பா சுந்தரமய்யர்தான் ஜனகர். அண்ணன் ராஜம் ராமர். சீதை யார்? ராமரின் கூடப்பிறந்த ஜெயலட்சுமி. அண்ணன் ராமன், தங்கை... வேண்டாம், நான் முடிக்கவில்லை. ஊரும் அன்றைக்கு இப்படித்தான் வாயடைத்துப்போய், அப்புறம் வாய் நிறையத் திட்டியது. வீட்டின் குட்டிப் பையன் பாலசந்தருக்கு ராவணன் தர்பாரில் கஞ்சிரா வாசிக்கும் வேஷம். அந்தக் குடும்பத்தில் எல்லோரையும்விடப் பாதுகாப்பான இடத்தில் இருந்தவர், ராவணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்தக் குழந்தைதான்.

பையன் வளர்ந்து, ஆடி, பாடி, நடித்து, டைரக்ட் செய்து, யாரிடமும் முறையாகக் கற்காமல் வீணையில் வித்வானாகி, அப்புறம் குரோசவாவின் 'ராஷோமானை'ப் பார்த்தார். பார்த்தவர் சும்மா இருப்பாரா? அதே பாணியில், ஒரு கொலையை ஆளுக்கொரு விதமாகச் சொல்லும் நாடகம் ஒன்றை எழுதி ஆல் இந்தியா ரேடியோவுக்கு அனுப்பினார். ரேடியோ நிராகரித்தது. மனுஷன் அதைப் படமாக்க ஏவி.எம். செட்டியாரிடம் போனார். கதையில் கொலையாகிறவர் யார் தெரியுமா? ஒரு ரேடியோ இன்ஜினீயர்.

படத்துக்கு ஒரே நிபந்தனை: பாட்டு கிடையாது. டான்ஸ் கிடையாது. சண்டை கிடையாது. இதன் அருமை புரிய 1954க்குப் போகவேண்டும். கதாநாயகி குடத்தை எடுத்தால் ஒரு பாட்டு, வைத்தால் ஒரு பாட்டு என்று ஓடிக்கொண்டிருந்த காலம். அந்தக் காலத்தில் பாட்டே இல்லாமல் முதல் தமிழ்ப் படம் எடுத்தவர் யார் என்றால், ஊரிலேயே பெரிய சங்கீதக்காரர். வெங்காயம் போடாமல் சாம்பார் வைக்கிறேன் என்று வெங்காய மண்டிக்காரரே அடம்பிடித்த மாதிரி.

'அந்த நாள்' முதல் காட்சியே துப்பாக்கிச் சத்தம். சிவாஜி கணேசன் நம்மைப் பார்த்தபடி சுருண்டு விழுகிறார். அவ்வளவுதான், ஹீரோ அவுட். 'பராசக்தி' வந்து இரண்டு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. கோர்ட் சீனில் மூச்சுவிடாமல் பேசிய அந்த வாயைப் பார்க்க டிக்கெட் எடுத்தவனுக்கு, வாயைத் திறக்குமுன்னே ஆளைக் காலி பண்ணிக் காட்டினார் பாலசந்தர். சஸ்பென்ஸ் திரையில் மட்டுமா? 'மீதிப் படத்துக்கு என்ன பண்ணப் போறானுங்க?' என்று தியேட்டரிலும்தான்.

லைட்டிங்கைப் பாருங்கள். காமிரா எஸ். மாருதி ராவ்; 'பராசக்தி'க்கும் அவரேதான். அந்தக் காலத்து நியாயப்படி ஸ்டார் முகம் முழுநிலா மாதிரி பளிச்சென்று இருக்க வேண்டும். சம்பளம் கொடுத்த முகத்தை யாராவது இருட்டில் வைப்பார்களா? மாருதி ராவ் வைத்தார். பாதி முகம் வெளிச்சத்தில், பாதி இருட்டில். சுவரில் ஆளைவிடப் பெரிய நிழல். அறைக்குள்ளே சந்தேகத்துக்குரிய ஆட்கள், வெளியே 1943இல் ஜப்பான் குண்டுவீச்சுக்குப் பயந்து காலியாகிக்கொண்டிருக்கும் மெட்ராஸ். ஜாவர் சீதாராமன் திரைக்கதை வசனம் எழுதி, அவரே சி.ஐ.டி.யாகவும் வந்து விசாரிக்கிறார். சஸ்பென்ஸை எழுதியவரே ஒன்றும் தெரியாதவர் மாதிரி எல்லோரையும் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார் என்பதுதான் படத்திலேயே சிறந்த நடிப்பு.

1954 ஏப்ரல் 13, தமிழ்ப் புத்தாண்டுக்கு ரிலீஸ். படம் ஊற்றிக்கொண்டது. பாட்டு எங்கே, டான்ஸ் எங்கே என்று ஜனங்கள் கடுப்பானார்கள். மத்திய அரசு தகுதிச் சான்றிதழ் கொடுத்தது. விமரிசகர்கள் தலையில் தூக்கிவைத்தார்கள். பிற்பாடு திரும்ப வெளியிட்டபோது கூட்டமும் வந்தது. கொலை செய்தது யார் என்று நான் சொல்லப்போவதில்லை. எழுபது வருஷம் ஆனால் என்ன, பார்க்காத புண்ணியவான் ஒருவர் இருப்பார். பாலசந்தர் ஆவி என்னைச் சும்மா விடாது.

விடாது என்று சும்மா சொல்லவில்லை. சண்டையில் அவர் அவ்வளவு கெட்டி. 1980களில், ஸ்வாதித் திருநாள் என்று ஒரு வாக்கேயக்காரரே கிடையாது, அவர் பேரில் உலவும் கிருதிகள் எல்லாம் புனைவு என்று கிளம்பி, கர்நாடக சங்கீத உலகத்தையே ரணகளமாக்கினார். செம்மங்குடி சீனிவாசய்யர் மாதிரியான ஜாம்பவான்களோடு மல்லுக்கட்டினார். வாழ்நாளில் பாதியை இல்லாத ஆளை இருக்கிறமாதிரி திரையில் காட்டுவதில் கழித்தவர், மீதியை இருந்த மகாராஜாவை இல்லை என்று நிரூபிப்பதில் கழித்தார். காலமானது 1990இல், அதே ஏப்ரல் 13. ஸ்கிரிப்ட் பேப்பரில் எழுதியிருந்தால், 'சார், இது டூ மச்' என்று செட்டியாரே அடித்திருப்பார்.

1964இல் அவர் எடுத்த 'பொம்மை'யைச் சொல்லாமல் விட முடியாது. நடந்து வரும் ஒரு அழகான பொம்மை, வயிற்றில் வெடிகுண்டு. அது கைக்குக் கை மாறுகிறது. மேஜைக்கடியில் குண்டு இருப்பது பாத்திரங்களுக்குத் தெரியக்கூடாது, ரசிகனுக்குத் தெரியவேண்டும், அதுதான் சஸ்பென்ஸ் என்று ஹிட்ச்காக் வகுத்த பாடத்தை பாலசந்தர் ஒரு குழந்தையின் விளையாட்டுச் சாமானுக்குள் அடைத்தார். ஆனால் படம் முடிந்ததும் அவரே திரையில் தோன்றி, நடித்தவர்களையும் டெக்னீஷியன்களையும் வரிசையாக அறிமுகம் செய்துவைப்பார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து நகம் கடித்தவர்கள், கடைசியில் கல்யாண ரிசப்ஷனில் மாட்டிக்கொண்ட மாதிரி எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டுப் போகவேண்டியிருந்தது.

அதே 1964இல் இந்தியா முழுக்கப் பேய்களுக்கு நல்ல வேலைவாய்ப்பு. இந்தியில் 'வோ கௌன் தீ'. அதுதான் பிறகு தமிழில் 'யார் நீ?' ஆனது. பனிமூட்டம், வெள்ளைப் புடவை, நெஞ்சை அறுக்கும் பாட்டு. ஷூட்டிங் சமயத்தில் லதாவின் குரலில் ஒரு பாட்டு தயாராகவில்லையாம். பொறுக்குமா? மியூசிக் டைரக்டர் மதன் மோகன் தானே பாடி டேப்பைக் கொடுத்தனுப்பினார். வேடிக்கை பார்க்க வந்த ஜனம் கண்டது: அழகான சாதனா வாயசைக்க, ஸ்பீக்கரிலிருந்து கனத்த ஆண்குரல். படத்தில் பேயைப் பார்த்து யார் பயந்தார்களோ இல்லையோ, அன்றைக்கு லொகேஷனில் பயந்திருப்பார்கள்.

மலையாளத்தில் 'பார்கவி நிலையம்'. பஷீர் எழுதிய 'நீலவெளிச்சம்' கதை. பேய் வந்து போனதன் அடையாளமே, மண்ணெண்ணெய் தீர்ந்த விளக்கு நீல வெளிச்சத்தில் எரிவதுதான். கதையின் உயிரே நீலம். படம்? கறுப்பு வெள்ளை! டைரக்டர் ஏ. வின்சென்ட், அடிப்படையில் காமிராமேன். முந்தின வருஷம்தான் ஸ்ரீதருக்கு 'நெஞ்சம் மறப்பதில்லை'யை இருட்டும் புகையுமாகப் பிடித்துக் கொடுத்திருந்தார். நீலமே இல்லாமல் நீலத்தை ஒப்பேற்றினார், ஜனங்கள் மெய்ம்மறந்தார்கள். 2023இல் கலரில், நிஜமான நீலத்தோடு திரும்ப எடுத்தார்கள். மெய்ம்மறந்தது யார் என்று கேட்காதீர்கள்.

கலர் வந்ததும் ராம்சே சகோதரர்கள் வந்தார்கள். ஏழு பேர். அப்பா ரேடியோ கடைக்காரர். 1970இல் அவர் பிருத்விராஜ் கபூரை வைத்து ஒரு படம் எடுத்துக் கையைச் சுட்டுக்கொண்டார். அதில் ஒரே ஒரு சீனில் பிருத்விராஜ் பயங்கரமான மாஸ்க்கோடு திருட வருவார். தியேட்டரில் கவனித்த பிள்ளைகள் அப்பாவிடம் சொன்னார்கள்: ஜனங்கள் அந்த ஒரு சீனுக்குத்தான் கை தட்டுகிறார்கள். முடிந்தது. ஒரு தம்பி காமிரா, ஒரு தம்பி சவுண்ட், ஒரு தம்பி எடிட்டிங், இரண்டு பேர் டைரக்‌ஷன். லைட்டுக்கு முன்னால் சிவப்பு, பச்சை, நீல ஜெலட்டின் பேப்பர். பேய் மாளிகை எப்போது பார்த்தாலும் திருவிழா சீரியல் செட் போட்டமாதிரி மின்னும். ஊரே பயந்தது; விமரிசகர்கள் மட்டும் சிரித்தார்கள். ராம்சேக்கள் இரண்டு பேரிடமும் டிக்கெட் காசு வாங்கிக்கொண்டார்கள்.

அவர்களுடைய 'புரானா மந்திர்' (1984) படத்தில் சாம்ரி என்ற பிசாசாக வந்து ஒரு தலைமுறையையே ஜுரத்தில் தள்ளியவர் அஜய் அகர்வால். மேக்கப்புக்குக்கூட அதிகம் செலவில்லை, முகமே போதும் என்றார்கள். அவர் யார் தெரியுமா? ரூர்க்கியில் படித்த சிவில் இன்ஜினீயர்!

ஈஜிபுராக்காரர்கள் இந்த இடத்தில் பெருமூச்சு விடுவார்கள். இங்கே சுமார் இரண்டரை கிலோமீட்டர் மேம்பாலம் ஒன்றை 2017இல் ஆரம்பித்தார்கள். 2019இல் முடிக்க வேண்டியது. பல வருஷம் வெறும் தூண்கள், தலையில் துருப்பிடித்த கம்பிகளோடு, ராத்திரி தெருவிளக்கு வெளிச்சத்தில் ஜெர்மன் எக்ஸ்ப்ரஷனிஸ செட் மாதிரி நின்றன. காலிகாரிக்குப் பெயின்ட் செலவாவது ஆனது. இங்கே அதுவும் மிச்சம். பேய், சிவில் இன்ஜினீயரிங் இரண்டும் தெரிந்த ஒரே ஆளை மும்பையில் வைத்துக்கொண்டு நாம் டெண்டர் விட்டுக்கொண்டிருந்தோம்.

மேம்பாலத்துக்கும் பேய்க்கும் பெங்களூரில் ஏற்கெனவே பந்தம் உண்டு. 2016இல் பவன் குமார் எடுத்த கன்னடப் படம் 'யு டர்ன்'. டபுள் ரோடு மேம்பாலத்தில் நடுவே இருக்கும் கான்கிரீட் கல்லை நகர்த்தி, சட்டவிரோதமாக யு டர்ன் அடித்துவிட்டு, கல்லை அப்படியே போட்டுவிட்டுப் போகிறவர்களை ஓர் ஆவி தேடி வந்து பழிவாங்குகிறது. 2018இல் சமந்தாவை வைத்துத் தமிழிலும் தெலுங்கிலும் எடுத்தார்கள். தமிழ்ப் பேய்கள் காலம் காலமாகக் காதல் தோல்வி, சொத்துத் தகராறு, ஜமீன்தார் கொடுமை என்று வந்துகொண்டிருந்தன. டிராஃபிக் ரூல்ஸுக்காக வந்த பேய் பெங்களூரில்தான் பிறக்க முடியும்.

பெங்களூரைச் சொன்னதால் பாலு மகேந்திராவின் 'மூடுபனி' (1980). பெங்களூரிலும் ஊட்டியிலும் எடுத்தது. இளையராஜாவுக்கு நூறாவது படம். ஹீரோ பிரதாப் போத்தன், கொலைகாரர். பாலு மகேந்திரா இயற்கை வெளிச்சத்தின் பக்தர். ராம்சே பாணி ஜெலட்டின் பேப்பரைக் கிட்டத்தில் கொண்டுபோனால் காமிராவை மூடிவிடுவார். ஜன்னல் வெளிச்சம், பனி, மர நிழல். பயமுறுத்துவதற்காக எதையும் கோணலாக்கவில்லை. அதனால்தான் பயமாக இருக்கிறது: கொலைகாரன் முகத்திலும் அதே காலை வெயில்தான் விழுகிறது, கிடாரும் நன்றாக வாசிக்கிறான். அந்தப் படத்துக் கொலையை மறந்தவர்கள் உண்டு. பொன்னிலாப் பாட்டை மறந்தவர்கள் கிடையாது. கல்யாண மேடைகளில் இன்றும் மாப்பிள்ளைமார் அதைப் பெண்ணுக்காகப் பாடுகிறார்கள், பாடியது யார் என்று தெரியாமல்.

நிறத்தை வைத்து விளையாடியவர்களில் மிஷ்கின் விசேஷம். 'பிசாசு' (2014) படத்தில் பேய், ஹீரோ பீர் பாட்டிலைத் தொட விடாது. மாமியார் கெட்டார். சஸ்பென்ஸின் முடிச்சே கலரில் இருக்கிறது: விபத்தில் அடித்த கார் என்ன நிறம்? சாட்சி ஒரு ஆட்டோ டிரைவர், அவருக்கு நிறக்குருடு. சிவப்பு என்றால் ஆபத்து, பச்சை என்றால் பத்திரம் என்று நூறு வருஷமாக சினிமா ஜெலட்டின் பேப்பர் போட்டு நமக்குச் சொல்லிக்கொடுத்த பாடத்தை, அது இரண்டும் ஒன்றாகவே தெரிகிற ஒருவர் வந்து ஊத்தி மூடினார்.

சத்தத்துக்கு வருவோம். இன்றைய தமிழ்ப் பேய்ப்படத்துக்கு ஒரு ஃபார்முலா உண்டு. அமைதி... அமைதி... திடீரென்று 'டமார்!' பார்த்தால் பூனை. இதன் பூர்வீகம் 1942. 'கேட் பீப்பிள்' படம். பட்ஜெட் தம்மாத்துண்டு, கருஞ்சிறுத்தையைக் காட்டக் காசில்லை. இருட்டுத் தெருவில் ஒரு பெண் நடக்கிறாள், பின்னால் காலடி. காலடி நின்றுவிடுகிறது. திடீரென்று சீறல்! பாய்ந்து வந்தது சிறுத்தையல்ல, பஸ். பிரேக் போட்டு நிற்கிறது. ஹாலிவுட்டில் இந்த உத்திக்கு இன்றும் 'பஸ்' என்றே பேர். ஈஜிபுராவில் பஸ் இப்படித் திடீரென்று வந்து நின்றால் பயம் வராது. ஆச்சரியத்தில் மயக்கம்தான் வரும்.

'எக்ஸார்சிஸ்ட்' படத்தில் அந்தப் பெண்ணின் கழுத்து திரும்பும் 'நறநற' சத்தம் எதிலிருந்து வந்தது? கார்டுகள் செருகிய பழைய லெதர் பர்ஸை முறுக்கினார்கள். மாசக் கடைசியில் பர்ஸைத் திறந்தால் அடிவயிறு கலங்குவது ஏன் என்று இப்போது விளங்குகிறது.

கௌதம் மேனன் 'நடுநிசி நாய்க'ளில் (2011) நேர் எதிராகப் போனார்: பின்னணி இசையே கிடையாது. மூச்சு, கதவு, காலடி மட்டும். ஹிட்ச்காக் ஆசைப்பட்டு ஹெர்மன் விடாததை ஐம்பது வருஷம் கழித்து நம் ஆள் சாதித்தார். விளைவு, தியேட்டரில் பக்கத்து சீட்டுக்காரர் பாப்கார்ன் மெல்லும் சத்தம் தெளிவாகக் கேட்டது. ரசிகர்கள் மிரண்டது அதற்குத்தான் என்கிறவர்களும் உண்டு.

காதுக்குக் கேட்காத சத்தமே ஆளை மிரட்டும் என்று சொன்னவர் இங்கிலாந்தில் விக் டாண்டி என்ற இன்ஜினீயர். அவர் வேலை பார்த்த லேபில் பேய் நடமாட்டம் என்று பேச்சு. ஒரு ராத்திரி அவருக்கே உடம்பு சில்லிட்டு, ஓரக்கண்ணில் சாம்பல் நிறமாக ஏதோ தெரிந்தது. மறுநாள் வாள்சண்டைப் போட்டிக்காகத் தன் வாளை அங்கே ரிப்பேர் பார்க்கப் போனவர், வைஸில் மாட்டிய வாள் தானாக நடுங்குவதைக் கண்டார். ஓடியிருக்க வேண்டியவர் அளந்து பார்த்தார். புதிதாக மாட்டிய எக்ஸாஸ்ட் ஃபேன்! செகண்டுக்கு சுமார் 19 அதிர்வு. காதுக்குக் கேட்காது, உடம்புக்குத் தெரியும். ஃபேனைச் சரிசெய்ததும் பேய் போய்விட்டது. 1998இல் கட்டுரை எழுதினார். மந்திரவாதிகளுக்கு எலெக்ட்ரீஷியன் போட்டியாக வந்த வருஷம் அது.

இத்தனை பேர் இத்தனை பாடுபட்டு லைட்டை அணைத்து, வயலினைக் கதறவிட்டு, ஃபிலிமைச் சாயத்தில் முக்கிக் கிழித்த சாதனையை, தமிழில் ஒருவர் ஒரு ஹாலில் நின்றுகொண்டு முறியடித்தார். மறுபடியும் 1964. மறுபடியும் காமிரா, அதே பேய்ப்பட வின்சென்ட். ஆனால் பளபளக்கும் ஈஸ்ட்மென் கலர், நிழலுக்கு இடமே இல்லாத வெளிச்சம். படம் 'காதலிக்க நேரமில்லை'. ஓஹோ புரொடக்‌ஷன்ஸ் அதிபர் செல்லப்பா என்கிற நாகேஷ், அப்பா பாலையாவை உட்காரவைத்துத் தன் திகில் படத்தின் கதையைச் சொல்கிறார்.

கதவு வாயாலேயே கிறீச்சிடுகிறது. காற்று வாயாலேயே வீசுகிறது. சத்தம் எல்லாம் நாகேஷ். குரல் சன்னமாக இறங்கும்போது நாமும் காதை நீட்டுகிறோம், சட்டென்று எகிறும்போது பாலையாவோடு சேர்ந்து தூக்கிவாரிப் போடுகிறது. பேய் எங்கே? பாலையாவின் முகத்தில். கண் சுழல்கிறது, வாய் கோணுகிறது, அந்தப் பெரிய மனுஷத் தோரணை, பண்ணையார் மிடுக்கு எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்று விழுகிறது. தூக்கிவிட ஒரு வயலின் கிடையாது, மறைக்க ஒரு இருட்டு கிடையாது. தியேட்டர் சிரித்து உருண்டது. உருண்டவர்களில் எத்தனை பேர் அன்றைக்கு ராத்திரி கொல்லைப்பக்கம் தனியாகப் போனார்கள் என்பதை யாரும் கணக்கெடுக்கவில்லை.

ஓஹோ புரொடக்‌ஷன்ஸின் அந்தத் திகில் படம் கடைசிவரை எடுக்கப்படவே இல்லை. தமிழில் ஒரு நாள்கூட ஷூட்டிங் நடக்காமல், லைட்மேனுக்கு ஒரு பைசா பேட்டா பாக்கி வைக்காமல், இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிற ஒரே பேய்ப்படம்.